நான் சொல்லாமல் விட்ட பாதி

சலோமி அக்கா ஒரு குற்றமும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவரைச் சபையின் முன் குற்றவாளியாக்கினேன்.

பதினாறு வருடங்கள் ஆகின்றன. இடையில் ஒருநாள், இதைச் சபைக்கு அறிக்கையிட்டுவிட்டேன் என்றுகூட நம்பியிருந்தேன்... அது எத்தனை பெரிய மோசடி என்பதையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

நீங்கள் அந்நாளில் என்னைச் சந்தித்திருந்தால், உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் நடுக்கம்!

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய கிராமம். அங்கே நான் பள்ளி ஆசிரியன். எங்கள் ஆலயத்துக்குப் பொறுப்பான போதகர் பட்டணத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்க மேடை என்னுடையது. மேடையிலிருந்து இறங்கியதும் முன்வரிசையில் எனக்கென்று போட்டிருக்கும் கதிரையில் நான் ஒருநாளும் அமர்ந்ததில்லை. வாசலோரம் பாயில், செம்படவர்களோடும் கூலிக்காரரோடும் போய் உட்காருவேன். சபை விருந்து முடிந்தால் எச்சில் கோப்பைகளை நானே கழுவுவேன்.

"மாஸ்டர், வையுங்க! உங்களுக்கேன் இந்த வேல?" என்று யாராவது ஓடிவந்து தடுப்பார்கள்.

ஒருமுறை யாரும் வரவில்லை. இருபது கோப்பைகளையும் தனியாகவே கழுவி முடித்தேன். அன்று முழுவதும் என் மனம் எரிந்துகொண்டிருந்தது. ஏன் எரிந்தது என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்...!

சலோமி அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். கணவர் காய்ச்சலில் இறந்தபின், விடியற்காலையில் அப்பம் சுட்டு விற்றுத் தன் ஒரே மகள் கிரேசை வளர்த்தவர். எழுத்து வாசிப்புத் தெரியாது. புதன்கிழமைகளில் பெண்களின் ஜெபக்கூட்டத்தை நடத்துவார். 'நடத்துவார்' என்று எழுதுவதுகூட மிகை. பெண்கள் அவரைச் சுற்றி உட்காருவார்கள், அவ்வளவுதான். அவருடைய ஜெபம் நாலு வசனத்துக்கு மேல் போகாது. என்னுடையது அரைமணி நேரம் போகும்.

அவரை நான் நேசித்தேன் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆபிரகாம் ஐயா சாகக் கிடந்த நாள் வரைக்கும்.

ஆபிரகாம் ஐயா எங்கள் சபையின் மூத்தவர். உன்னிச்சையில் வயற்காணி வைத்திருந்தவர். மூன்று நாளாக நான் அவர் கட்டிலருகே நின்று வேதம் வாசித்தேன், முழந்தாளிட்டு ஜெபித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், வீடு நிறையச் சனம். நான் வாசித்துக்கொண்டிருக்கையில் ஐயா மெல்லக் கையை அசைத்தார். எல்லோரும் குனிந்து கேட்டார்கள்.

"மாஸ்டர் களைச்சிருப்பார்..." என்றார். "சலோமியக் கூப்பிடுங்க."

சலோமி அக்கா கையில் ஒட்டிய மாவுடனேயே வந்தார். கட்டிலருகே தரையில் அமர்ந்து, கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே, இவருக்குப் பயமா இரிக்கி. எனக்கும் பயமாத்தான் இரிக்கி. நீங்க பக்கத்துல இரிங்க. ஆமென்."

அவ்வளவுதான்! கிழவரின் முகம் இளகிற்று. சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். நான் திறந்த வேதத்தை மூடுவதா, பிடித்துக்கொண்டு நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு பின்வாசலால் வெளியேறினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

அந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் நான் எதைப் பற்றிப் பிரசங்கித்தேன் தெரியுமா? விழிப்பாயிருத்தல்! ஐந்து ஞாயிறுகளும் அதைத்தான். சத்துரு பெரிய வாசலால் வரமாட்டான், கவனியாமல் விட்ட சின்னத் துவாரத்தால் நுழைவான் என்றேன். சனங்கள் பயந்து தலையைக் குனிந்தார்கள். மேடையிலிருந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். இன்னார் குடிக்கிறார், இன்னாள் புறணி பேசுகிறாள், இன்னார் வீட்டில் ஜெபமில்லை... என் கண் ஊர் முழுவதும் காவல் காத்தது. என் வாசலில் மட்டும் ஆளில்லை.

அந்த மாதம் ஊரில் கொப்புளிப்பான் பரவியது. சலோமி அக்காவின் அடுத்த வளவில் பொன்னம்மா என்றொரு இந்துப் பெண் தனியாகக் குடியிருந்தார். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். தொற்றிக்கொள்ளும் என்று எவரும் அந்த வளவுக்குள் கால் வைக்கவில்லை. சலோமி அக்கா மட்டும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தேன். அம்மன் கோயில் வேலிக்கு வெளியே சலோமி அக்கா நின்றார். கையில் ஒரு செம்பு. அதன் வாயில் வேப்பிலை. என்னைக் கண்டதும் அவர் மறைக்கவில்லை, தயங்கவுமில்லை.

"என்ன அக்கா இது?" என்றேன்.

"பொன்னம்மாவுக்குத் தீர்த்தம், மாஸ்டர். அந்தப் புள்ள ராவு பகலா அம்மாள், அம்மாள் எண்டு கத்துது. எழும்பி வர ஏலா. மறுகா ஆரு போய் வாங்குற? நான் வேலிக்கு வெளியால நிண்டுதான் வாங்கினன். அவ கும்பிடுற இடத்துத் தண்ணி, அவவுக்கு ஆறுதல். நான் கும்பிடுறது என்ட ஆண்டவரத்தான்." பிறகு சற்றுக் கவலையோடு கேட்டார்: "நான் செஞ்சது பிழையா, மாஸ்டர்?"

நான் என்ன சொன்னேன் என்பதைக் கேளுங்கள். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்!

"இல்ல அக்கா. இதுல ஒரு பிழையும் இல்ல. ஆண்டவரும் இதத்தான் செஞ்சிருப்பார்."

மனமாரத்தான் சொன்னேன். அந்த வேளையில் நான் நல்லவனாகவே இருந்தேன். அவர் முகம் தெளிந்து, தண்ணீர் தளும்பாமல் மெதுவாக நடந்து போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து மூப்பர் கூட்டம். போதகர் யாழ்ப்பாணத்தவர், இளையவர், ஊருக்குப் புதிது. மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர்.

போதகர் உற்சாகமாகத் தொடங்கினார். "வீடு வீடாய்ப் போய் நோயாளியளைச் சந்திக்க ஒராளை நியமிக்க வேணும். எல்லாரும் சலோமியம்மாவின்ர பேரைத்தான் சொல்லினம். ஆபிரகாம் ஐயாவின்ர கட்டிலடியில நடந்ததை எனக்கே மூண்டு பேர் சொல்லிப்போட்டினம். மாஸ்டர், நீங்கள் என்ன சொல்லுறியள்?"

மூன்று பேர்...! அந்த ஒரு சொல் என் நெஞ்சுக்குள் முள்ளாக இறங்கிற்று.

நான் உடனே பேசவில்லை. தலையைக் குனிந்தேன். மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், மேடையில் பழகியதுதானே!

"ஒருத்தரையும் நியாயந்தீர்க்க நான் வரல்ல, ஐயா. அவவவிட நான் பாவி. ஆனா என்ட கண்ணால கண்டத மறைக்கவும் ஏலாது... சலோமி அக்கா அம்மன் கோயிலடியில தீர்த்தம் வாங்கினத நான் கண்டன். வேற ஒண்டும் நான் சொல்லல்ல. அவவுக்காக நாம எல்லாரும் ஜெபிப்பம்."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? சொல்லுங்கள்! ஒன்றுமில்லை. பொன்னம்மா என்ற பெயரை மட்டும் சொல்லாமல் விட்டேன். பாதியைச் சொன்னேன், மற்றப் பாதியை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டேன். என் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது நடிப்பல்ல, மெய்யாகவே வந்த கண்ணீர்! அது எங்கிருந்து ஊறியது என்று நினைக்கும்போதுதான் எனக்குக் குலை நடுங்குகிறது.

மூப்பர் ஒருவர், "அவவ ஒருக்காக் கூப்பிட்டு விசாரிப்பமே?" என்றார்.

போதகர் தலையசைத்தார். "வேற ஆரும் சொல்லியிருந்தா விசாரிக்கலாம். ஒருத்தரிலயும் குறை சொல்லாத மனிசர் மாஸ்டர். அவரே கண்கலங்கிச் சொல்லேக்க, நான் என்னத்தைக் கேக்கிறது?"

பார்த்தீர்களா? பதினைந்து வருடம் கழுவிய எச்சில் கோப்பைகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எடை சேர்த்தன. கர்வக்காரன் ஒருவன் அதே சொல்லைச் சொல்லியிருந்தால், அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். என் தாழ்மைதான் அவருக்குக் கதவைச் சாத்தியது.

நியமனம் இல்லை. புதன்கிழமைக் கூட்டமும் இனி அவர் நடத்தக் கூடாது. அதை அவரிடம் மெதுவாகச் சொல்ல ஏற்றவன் நான்தான் என்று என்னையே அனுப்பினார்கள்.

சலோமி அக்கா அப்பச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கழுவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"பொன்னம்மாவுக்காகத்தான் போனன் எண்டு நீங்க அவங்களுக்குச் சொல்லல்லியா, மாஸ்டர்?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்டார். காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை! வேறு யாரோ கண்டு கோள் சொல்லியிருக்க, நான் அவர் பக்கம் நின்று பேசியிருப்பேன் என்றுதான் நம்பினார்.

அங்கே ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. இரண்டே சொல் போதும்... நான் என்ன செய்தேன்?

"சொன்னன் அக்கா," என்றேன். "எவ்வளவோ சொன்னன். அவங்க ஏத்துக்கொள்ளல்ல."

அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"எனக்காகப் பறைஞ்சீங்களே, மாஸ்டர். அது போதும்."

அதன்பிறகு பதினோரு வருடம், ஞாயிறுதோறும், ஆலய வாசலில் என்னைக் காணும்போதெல்லாம் அந்த நன்றி அவர் கண்ணில் இருக்கும். ஒரு சாபம் இதைவிட இலேசாக இருந்திருக்குமே!

இன்னும் முடியவில்லை. பொன்னம்மா குணமடைந்து எழுந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் தழும்பு. படலைக்கு வெளியே நின்றே கேட்டார்: "மாஸ்டர், எனக்காகத்தானே அவ போனா? நான் வந்து உங்கட போதகர் சாமிக்குச் சொல்லட்டா? உங்கட கோயில் முன்னால நிண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லுறன்."

"வேண்டாம் பொன்னம்மா," என்றேன், மிகப் பரிவாக. "நீங்க வந்தா காரியம் இன்னும் கெட்டுப்போகும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். அந்தப் பார்வையை நான் அன்று அலட்சியம் செய்தேன்.

கிரேசுக்கு அப்போது பத்தொன்பது வயது. பட்டணத்திலிருந்த ஒரு சபைக் குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்கு எட்டியது. கோயில் தீர்த்தம் வாங்குகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறிலிருந்து கிரேஸ் ஆலயத்துக்கு வரவில்லை. சலோமி அக்கா தனியே வந்து, கடைசி வரிசையில், தூணோடு ஒட்டி உட்காருவார்.

நான் தூங்கினேனா? தூங்கினேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சில மாதம் நன்றாகவே தூங்கினேன். பிறகுதான் அந்த அச்சம் மெல்ல மெல்லத் தொடங்கிற்று. ஜெபிக்கக் கண்ணை மூடினால், ஜெபிக்கிற என்னை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். 'எவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறாய்!' என்று ஒரு குரல் மெச்சும். அந்தக் குரலை அடக்கினால், 'மெச்சுதலையும் அடக்கிவிட்டாயே, எவ்வளவு தாழ்மை!' என்று அதே குரல் மறுபடி வரும். எங்கே போய் ஒளிவது? எந்த அறைக்குள் நுழைந்தாலும் எனக்கு முன்பே அங்கு உட்கார்ந்திருக்கும் ஒருவனை நான் எப்படித் துரத்துவது?

ஏழாம் வருடம், பெரிய வெள்ளி ஆராதனையில், தாங்க மாட்டாமல் மேடையிலேயே அழுதுவிட்டேன். "நான் ஒரு மாயக்காரன், வெளிவேடக்காரன்! உங்களில் ஒருவருக்கு நான் பெரிய அநியாயம் செய்திருக்கிறேன்!" என்று சொன்னேன். யாருக்கு, என்ன அநியாயம் என்று சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்தில் சொல்லத்தான் நினைத்தேன்... சபை முழுவதும் என்னோடு சேர்ந்து அழத் தொடங்கிற்று. அந்த அழுகைக்குள் நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாஸ்டரே தன்னை மாயக்காரன் எண்டா, நாங்கள் எம்மாத்திரம்!" என்றார் ஒருவர். என் பெயர் பக்கத்துச் சபைகளுக்கும் பரவியது. சலோமி அக்காவும் வந்தார். என் கையைத் தட்டிக்கொடுத்து, "அப்பிடி ஒண்டும் செஞ்சிருக்க மாட்டீங்க மாஸ்டர், மனசப் போட்டு வருத்தாதீங்க" என்றார்.

அவரே என்னைத் தேற்றினார்! நான் தேற்றப்பட்டேன்!

பதினோராம் வருடம் அவர் நெஞ்சு நோயில் படுத்தார். அதற்குள் கிரேஸ் வவுணதீவில் ஓர் இந்து விவசாயியை மணந்து, அந்தக் குடும்பத்து வழிபாட்டோடு ஒன்றியிருந்தாள். சாவுச் செய்தி சொல்ல அவளே வந்தாள். நெற்றியில் பொட்டு. முகத்தில் ஓர் அசைவுமில்லை.

"அம்மா மோசம் போயிட்டா. அடக்க ஆராதனையில நீங்கதான் பேசோணும் எண்டு சொல்லிட்டுப் போனா."

பேசினேன். சலோமி அக்காவின் தாழ்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பெட்டிக்கு அருகே கிரேஸ் நின்றாள். எல்லோரும் அழ, அவள் அழாமல், கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். என் நாக்கு இரண்டு தடவை தடுமாறியது. துக்கத்தில் தடுமாறுகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பின்னும் ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். போன மாதம்தான் துணிந்தேன். தோணியேறி வாவியைக் கடந்து, வயலோரம் நடந்து, அவள் வீட்டுக்குப் போனேன். கிரேஸ் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள். அமர மனம் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு, கூட்டம், நான் விட்ட பாதி, அவள் தாயிடம் சொன்ன பொய், பொன்னம்மாவைத் திருப்பியனுப்பியது... ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள். வியப்படையவில்லை.

"எனக்குத் தெரியும், மாஸ்டர்."

அவள் கால் நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"பொன்னம்மா மாமி அப்பவே சொல்லிட்டா. நீங்க அவவ வர வேணாமெண்டு தடுத்த அண்டைக்கே எனக்கு எல்லாம் விளங்கிட்டு."

"அம்மாவுக்கு...?"

"நான் சொல்லல்ல. ஊரே அவவ விட்டுட்டு. தனக்காகப் பறைய ஒராளாவது இருந்தார் எண்டு நினைச்சிக்கொண்டு அவ உயிரோட இருந்தா. அதையும் நான் ஏன் பறிக்க? பதினொரு வருசம் வாயைக் கடிச்சிக்கொண்டு இருந்தன், மாஸ்டர். அவ உங்கட பேரைச் சொல்லி ஜெபிக்கக்குள்ளயும் பக்கத்துலதான் இருந்தன்."

நான் முழந்தாளிட்டேன். நெல் முழங்காலில் குத்தியது. "என்னை மன்னிச்சுக்கொள், மகள்" என்றேன்.

"எழும்புங்க மாஸ்டர்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "மன்னிச்சிட்டன் எண்டு நான் சொன்னா, அதையும் நீங்க பிரசங்கத்துல சொல்லுவீங்க."

நான் எழுந்தேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

தோணியில் திரும்பி வந்தேன். வெயில் தாழ்ந்து வாவி மினுங்கியது. அவள் சொன்னது அநியாயம், இம்முறை நான் உண்மையாகவே உடைந்து போனேன் என்று எனக்குள்ளே வாதாடிக்கொண்டு வந்தேன். பாதி வழியில்தான் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நெல்லின் மேல் முழந்தாளிட்ட ஒரு பாவியைப் பற்றி, ஏற்ற இறக்கத்தோடு, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி...

தோணிக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஜெபமோ, மாஸ்டர்?" என்றார் மரியாதையாக.

நான் இல்லையென்று சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு பிரசங்கம் என்னுடையது. என்ன பொருளில் பேசப் போகிறேன் என்று கேட்டு, புதிதாக வந்திருக்கும் போதகர் இரண்டு தரம் ஆளனுப்பிவிட்டார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.